பதினெட்டு வயதுக்குப் பின் ஒரு கூரை

(வளர்ப்புக் குடும்பங்களிலிருந்து வெளிவரும் இளைஞரின் வீட்டு வசதி குறித்து ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. உண்ண உணவும் உடுக்க உடையும் எங்ஙனம் இன்றியமையாதனவோ, அங்ஙனமே உறைய ஓர் இடமும் மனிதனுக்கு இன்றியமையாததாகும். இவ்வுண்மையை உணர்ந்தே கிராம வளர்ச்சித் திட்டங்களில் வீட்டு வசதிக்கு என்றும் ஒரு தனி இடம் அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. குடிசைகள் இருந்த இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்து நிற்பதை இன்று ஊர்தோறும் காண்கிறோம்.

ஆயினும், இத்திட்டங்களின் பட்டியல்களில் எளிதில் இடம்பெறாத ஒரு சாரார் நம்மிடையே உள்ளனர். பெற்றோரை இழந்தோ, பெற்றோரால் பேண இயலாத நிலையிலோ, பிறர் குடும்பத்தில் வளர்ந்து, 18 வயது நிறைவெய்தியதும் தம் காலிலே நிற்க வேண்டியவராகும் இளைஞரும் யுவதிகளுமே அவர்கள். ஓர் ஊரில் இத்தகையோர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். அதனாலேயே அவர்கள் நம் கண்ணில் படாமல் போகின்றனர். இவர்களுக்குச் சட்டம் அளிப்பது யாது, அளிக்காதது யாது, கிராமத்தில் இருப்போர் செய்யக்கூடியது யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ப்புக் குடும்பம் என்பது யாது?

தாய் தந்தையற்ற குழந்தையைப் பாட்டியோ, மாமனோ, அத்தையோ எடுத்து வளர்ப்பது கொங்கு நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இது உறவின்பாற்பட்டது. தத்து எடுத்தல் என்பது வேறு. முறைப்படி தத்து எடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது. சொத்துரிமையும் அதற்கு உண்டு.

வளர்ப்புப் பராமரிப்பு இவ்விரண்டிலும் சேராதது. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 44 ஆம் பிரிவு இதற்கு வகை செய்கிறது. மாவட்டத்திலுள்ள குழந்தைகள் நலக் குழு, தகுதி அறிந்து தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தினிடம் குழந்தையை ஒப்படைக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அக்குடும்பத்தைக் கண்காணித்து வருகிறது. குழந்தையின் செலவுக்கென மாதம் ரூ. 4,000 வீதம் உதவித்தொகையை மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்ட நெறிமுறைகள் 2022 ஆம் ஆண்டில் வகுத்தன. 2024 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட வளர்ப்புப் பராமரிப்பு நெறிமுறைகள், 35 முதல் 60 வயது வரையுள்ள தனியாட்களும் குழந்தைகளை ஏற்று வளர்க்கலாம் என்றும், இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் தத்து எடுத்துக்கொள்ள முற்படலாம் என்றும் இடமளித்துள்ளன.

பெரிய காப்பகத்தில் நூற்றுவரில் ஒருவராக வளர்வதைக் காட்டிலும், ஒரு வீட்டின் அடுப்படியையும் திண்ணையையும் அறிந்து வளர்வது குழந்தைக்கு நலம் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க இயலாது. எனினும், தத்து எடுத்த குழந்தைக்குக் கிடைக்கும் சட்ட உறவு வளர்ப்புக் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. அக்குடும்பத்தின் வீட்டிலோ நிலத்திலோ அதற்கு உரிமை ஏதும் இல்லை. இவ்வேறுபாடு குழந்தைப் பருவத்தில் புலப்படுவதில்லை; 18 வயதில்தான் புலப்படுகிறது.

பதினெட்டாம் பிறந்த நாள்

ஓர் எடுத்துக்காட்டினைக் கொள்வோம். சூலூர் வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைத்த தம்பதியரின் மகன் ஒருவன். 9 வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தான். 11 வயதில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் சாளை கட்டி வாழும் ஒரு குடும்பத்தில் வளரும்படி ஒப்படைக்கப்பட்டான். அவர்கள் அவனை அன்புடன் வளர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான். 18 வயது நிரம்பிற்று.

சட்டத்தின் பார்வையில் அவன் இனிக் குழந்தையல்லன். வளர்த்த குடும்பத்திற்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிடுகிறது. அக்குடும்பத்தில் சொந்தப் பிள்ளைகளும் வளர்ந்து நிற்கின்றனர். சாளையிலோ இரண்டே அறைகள். எவரும் அவனை வெளியேறுமாறு கூறுவதில்லை. ஆயினும் தான் இருப்பது பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் அவனுக்கே எழுகிறது. நம் வீடுகளில் பிறந்த பிள்ளை எதுவும் 18 வயது முடிந்த மறுநாளே வாடகைக்கு வீடு தேடிப் புறப்படுவதில்லை. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, பெரும்பாலும் திருமணம் ஆகும் வரையில் பெற்றோர் நிழலிலேயே இருக்கிறது. பெற்றோரற்ற பிள்ளையிடம் மட்டும் அவ்வயதிலேயே தனித்து நிற்கும் திறமையை நாம் எதிர்பார்க்கிறோம்.

பிற்காப்பு என்னும் ஏற்பாடு

இக்குறையை உணர்ந்தே சட்டம் “பிற்காப்பு” என்னும் ஏற்பாட்டினைச் செய்துள்ளது. சட்டத்தின் 46 ஆம் பிரிவின்படி, 18 வயது நிறைந்து வெளியேறுவோருக்கு அவர்கள் சமுதாயத்தில் கலந்து வாழும் பொருட்டு நிதியுதவி அளிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இதனை விரித்துக் கூறுகின்றன. பிற்காப்பு 21 வயது வரையில் அளிக்கப்படலாம். தனிப்பட்ட காரணங்கள் இருப்பின் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்படலாம். கல்வி, தொழிற்பயிற்சி, வேலை, தங்கும் இடம் ஆகியவை இதில் அடங்கும். ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்கி வாழும் குழு வீடு என்னும் முறையையும் அவ்விதிகள் குறிப்பிடுகின்றன. மிஷன் வாத்சல்யா நெறிமுறைகளில் பிற்காப்புக்கும் மாதம் ரூ. 4,000 என்றே வகுக்கப்பட்டுள்ளது.

இத்தொகையைக் கொண்டு தனி ஒருவன் கோவை நகரை ஒட்டிய ஊரில் முன்பணம் கொடுத்து, வாடகை செலுத்தி, உணவும் உண்டு வாழ்வது கடினம். ஆனால் ஆறு பேர் சேர்ந்தால் மாதம் ரூ. 24,000 ஆகிறது. ஒரு வீட்டு வாடகையையும் ஓர் அடுப்பையும் அறுவரும் பகிர்ந்துகொள்ளலாம். குழு வீட்டின் பொருளாதாரம் இதுவே. ஒருவன் நோயுற்றால் மற்றவன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வான் என்பது இதனினும் பெரிய நன்மையாகும்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிற்காப்பு பற்றிய சட்டத்தின் சொற்கள், குழந்தைகள் காப்பு நிலையத்தை விட்டு வெளியேறுவோரைக் குறித்தே அமைந்துள்ளன. நிலையத்தில் இருப்பவருக்கு வெளியேறும் நாள் ஒன்று உண்டு. அந்நாளை எழுதி வைக்கும் பதிவேடும், கண்காணிப்பாளரும் உண்டு. வெளியேறுவதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே அவருடைய எதிர்காலத் திட்டத்தைத் தயாரித்துக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்றும் மாதிரி விதிகள் கூறுகின்றன. குடும்பத்தில் வளர்ந்தவருக்கோ இவற்றில் எதுவும் தானாக நடைபெறுவதில்லை. ஆகவே, வளர்ப்புக் குடும்பத்தில் உள்ள பிள்ளைக்கு 17 வயது ஆகும்பொழுதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினை அணுகி, பிற்காப்பு வேண்டும் என எழுத்து மூலம் கேட்டு வைத்தல் அவசியம். 18 வயது கடந்த பின் கேட்பது, பந்தி முடிந்த பின் இலை கேட்பது போலாகும்.

பட்டியலில் விடுபடுவது ஏன்?

வீட்டு வசதித் திட்டங்கள் இவர்களுக்கு உதவாவோ எனச் சிலர் வினவலாம். 2024-25 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊரகப் பகுதிகளில் 2030 ஆம் ஆண்டிற்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதென அத்திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு வீட்டிற்கு ரூ. 3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. இது சிறந்த திட்டமே. ஆனால் வீடு கட்டுவதற்குச் சொந்த மனை வேண்டும். குடிசையில் வாழும் குடும்பமாகக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கவும் வேண்டும்.

ஏறத்தாழ எல்லா வீட்டுத் திட்டங்களுக்கும் இவ்விரண்டுமே அடிப்படை. அவை குடும்பத்தைக் காண்கின்றன. குடும்பமில்லாத தனி மனிதனைக் காண்பதில்லை. நாம் மேலே கூறிய இளைஞனைப் பாருங்கள். பெற்றோர் இறந்தபின் சூலூர் வட்டாரத்துக் குடும்ப அட்டை செல்லாததாயிற்று. வளர்த்த குடும்பத்தின் அட்டையிலோ அவன் பெயர் சேர்க்கப்படவில்லை. பிறந்த ஊரில் அவன் இல்லை என்று கணக்கெடுப்போர் எழுதினர். வளர்ந்த ஊரில் அவன் வந்தவன் என்று எழுதாமல் விட்டனர். ஓர் ஊரிலும் அவன் ஒரு குடும்பமாக எண்ணப்படவில்லை. மனை இல்லை என்பது இரண்டாவது குறை. எந்த ஊர்க் கணக்கிலும் பெயர் இல்லை என்பதே முதற்குறை. அதைத் தீர்க்க ஒரு செங்கல்லும் வேண்டியதில்லை. ஊர் நினைத்தால் போதும்.

தொழிலும் கூரையும் ஒரே கயிற்றில்

கொங்கு வட்டாரத்தில் இளைஞருக்கு வேலை கிடைப்பது அரிதன்று. கோவையின் பவுண்டரிகளும் பம்புசெட்டுத் தொழிற்சாலைகளும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளும், சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களும், எங்கும் பரந்துள்ள நூற்பாலைகளும் ஆட்களைத் தேடிய வண்ணம் உள்ளன. பல இடங்களில் தங்குமிடமும் வேலையுடனேயே கிடைக்கிறது. வீடற்ற யுவதிக்கு ஆலை விடுதி உடனே கிடைக்கும் புகலிடமாகத் தோன்றுவது இயல்பே.

இதில் ஓர் அபாயமும் உண்டு. வேலை போனால் அன்றிரவே தங்கும் இடமும் போய்விடுகிறது. வேலை பிடிக்கவில்லை, உடல் நலமில்லை, மேற்கொண்டு படிக்க விருப்பம் என்றாலும் விட்டு வர இயலுவதில்லை. ஏனெனில் திரும்பிச் செல்ல வீடு இல்லை. தாய் வீடு உள்ள பெண் “இந்த வேலை வேண்டாம்” என்று கூறிப் பேருந்து ஏறிவிடுவாள். தாய் வீடு இல்லாத பெண் எதையும் பொறுத்துக்கொள்கிறாள். இவ்வேறுபாட்டை முதலாளி அறியாவிடினும், அவள் நன்கு அறிவாள். எனவே, வேலையோடு பிணைக்கப்படாத ஓர் உறைவிடம் இவர்களுக்கு இருத்தல் வேண்டும். தனியார் மகளிர் விடுதியில் சேர்ப்பதாயின், அது 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்பதை முதலில் விசாரித்தறிதல் நலம்.

கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேருவோருக்கு அரசு மாணவர் விடுதிகள் உதவும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 ஆம் ஆண்டிலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆம் ஆண்டிலும் மாதம் ரூ. 1,000 உதவியுடன் தொடங்கப்பட்டன. பின்னது நம் கோவை நகரிலேயே தொடங்கி வைக்கப்பட்டதாகும். ஆனால் கோடை விடுமுறையில் விடுதி மூடப்படும்பொழுது மற்ற மாணவர் ஊருக்குச் செல்வர். இம்மாணவன் எங்கே செல்வான்? பிற்காப்புத் திட்டம் தயாரிப்போர் அனைவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிற நாடுகளில்

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், வளர்ப்புக் குடும்பத்தில் உள்ள இளைஞர் தாமும் குடும்பத்தாரும் விரும்பினால் 21 வயது வரையில் அவ்வீட்டிலேயே தொடர்ந்து வாழ்வதற்கு உள்ளூர் நிர்வாகம் துணை செய்ய வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞருக்கான நிதியில் ஒரு பகுதியை வாடகைக்கும் உணவுக்கும் செலவிட அனுமதித்தது. 2008 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது வரை பராமரிப்பை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009 ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும் பிற்காப்பை வலியுறுத்துகின்றன. இவற்றுள் இங்கிலாந்தின் வழி நமக்கு மிகவும் ஏற்றது எனத் தோன்றுகிறது. புதிய கட்டடம் வேண்டாம். வளர்ந்த வீட்டிலேயே இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்க விட்டால் போதும்.

கிராமம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பெயர்ப் பதிவு. ஊரில் வளர்ப்புக் குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ வளரும் பெற்றோரற்ற பிள்ளைகளின் பட்டியலைக் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு வைத்திருத்தல் வேண்டும். 16 வயது கடந்தவர்களைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயர்களைப் பொதுவில் படிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் மனம் நோகும். குழுவினரும் அலுவலரும் அறிந்திருத்தல் போதும்.

இரண்டாவதாக, சான்றுகள். பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, நலக் குழுவின் ஆணை நகல் ஆகியவற்றை 18 வயதிற்கு முன்பே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தல் வேண்டும். 18 வயது நிறைந்ததும் வாக்காளர் பட்டியலிலும், இயன்றவாறு குடும்ப அட்டையிலும் பெயர் ஏற வேண்டும். ஊரார் நினைத்தால் ஒரு திங்களில் முடியும் வேலைகள் இவை. தனித்த இளைஞன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தால் ஆண்டு ஒன்று கழிந்துவிடும்.

மூன்றாவதாக, பெற்றோர் விட்டுச் சென்ற சொத்து. வீடற்றவர் என்று நாம் கருதும் பிள்ளைகளில் சிலருக்கு நத்தத்தில் தந்தையின் வீடோ, பூர்வீகத்தில் பங்கோ இருக்கக்கூடும். நமது எடுத்துக்காட்டு இளைஞனின் தந்தைக்கும் சூலூர் வட்டாரத்தில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. அதில் இப்பொழுது சித்தப்பா குடியிருக்கிறார். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவில் பெயர் மாற்றம் செய்தல் வேண்டும். இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் மகனைப் போன்றே பங்குண்டு. 1956 ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி, தாயோ தந்தையோ ஆயினும் நீதிமன்ற அனுமதியின்றி இளவரின் நிலத்தையோ வீட்டையோ விற்றல் ஆகாது. காப்பாளர் அவ்வாறு விற்றிருப்பின், அதனை எதிர்த்து வழக்கிடப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் மட்டுமே 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அளிக்கிறது. அம்மூன்று ஆண்டுகளும் அவன் வேலையும் இடமும் தேடி அலையும் ஆண்டுகளாகவே அமைகின்றன. ஆகவே ஊர்ப் பெரியோர் முன்னின்று, பங்காளிகளை அழைத்து அமைதியாகப் பேசி முடித்தல் சாலச் சிறந்தது. பேச்சில் முடியாவிடில் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் இலவச உதவியை நாடலாம்.

நான்காவதாக, கையில் வரும் தொகை. கொரோனாவால் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பெயரில் ரூ. 5 லட்சம் வைப்பீடு செய்து, 18 வயது நிறைந்ததும் வட்டியுடன் வழங்குவதென 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. அன்று 4 வயதாயிருந்த குழந்தை 2035 ஆம் ஆண்டில் அத்தொகையைப் பெறும். அதுவரை காணாத உறவினர் பலர் அன்று காணப்படுவர். அத்தொகை மனையாகவோ படிப்பாகவோ மாறுவதற்கு நம்பத்தகுந்த ஒருவருடைய ஆலோசனை அப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, மனையும் கூரையும். வீட்டுமனைப் பட்டா வழங்குவதற்கான பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, ஊரில் வளர்ந்த பெற்றோரற்ற இளைஞரையும் ஒரு குடும்பமாகவே கருதிக் கோரிக்கை அனுப்பலாம். ஆண்டில் ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில், கிராம சபை கூடுகிறது. “எவ்வீட்டுப் பட்டியலிலும் விடுபட்ட தனி இளைஞர் உளரா?” என்ற கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பினால், பட்டியல் தானே திருந்தும். அதுவரையில் வாடகைக்கு இடம் தருவோர் முன்வர வேண்டும். லைன் வீட்டில் ஓர் அறையை, ஒண்டி ஆள் என்று மறுக்காமல், ஊரார் ஒருவர் பொறுப்பேற்றால் கொடுக்கலாமன்றோ? பொறுப்பேற்க ஒரு தந்தை இல்லாமையே இவர்களுக்கு வீடு மறுக்கப்படுவதற்குப் பெரிதும் காரணமாகிறது.

முடிவுரை

அரசு பணம் ஒதுக்கலாம்; விதிகள் வகுக்கலாம்; விண்ணப்பத்தின்மேல் ஆணையிடலாம். ஆனால் “இவன் எங்கள் ஊர்ப் பிள்ளை” என்று சொல்ல ஊராரால்தான் முடியும். அவ்வாறு சொல்லி ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் உடன் நின்றால் சான்று விரைவில் கிடைக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் அறை கிடைக்கிறது. பங்காளியிடம் சொன்னால் பங்கு கிடைக்கிறது. பொங்கலுக்கு வந்து போகும்படி வளர்த்த தாய் சொன்னால், விடுதி மூடிய நாட்களில் போய்ச் சேர அவனுக்கு ஓர் இடமும் கிடைக்கிறது.

ஆகவே, ஊராட்சி நிர்வாகத்தினரும், ஆசிரியர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் தத்தம் ஊரில் 16, 17 வயதில் இத்தகைய பிள்ளைகள் உளரா என இம்மாதமே விசாரித்தறிய வேண்டுகிறேன். இருப்பின், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒன்றிய அலுவலகத்திற்கும் அதன் நகலை அனுப்புங்கள். எங்கு எழுதுவது எனத் தெரியாதோர் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி கிடைக்கும். 18 வயது நிறைவதற்குள் எழுதப்படும் அக்கடிதம், அதன் பின் எழுதப்படும் பத்து மனுக்களைக் காட்டிலும் பயன் தரும்.